விலை உண்டு, வாங்கியவன் யார்?

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனுக்கு மீட்பு கிடைப்பது இறைவன் அருளாலா? மனிதன் செயலாலா? ‘இறைவன் அருளாலே’ என்ற அணியின் தலைவர் குரோம்பேட்டை மேடையில் ஆற்றிய உரை.)

தீர்ப்புச் சொல்ல வந்திருக்கும் நடுவர் அவர்களே, தீர்ப்பு நமக்குத்தான் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, (சிரிப்பு) என் அணித் தோழர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா இல்லையா என்ற கவலையையும் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மதம் மாற்றுகிற மேடை இல்லை. மதத்தைக் கிண்டல் பண்ணுகிற மேடையும் இல்லை. கிறிஸ்தவ சமயத்துக்குள்ளேயே 2000 வருஷமாக நடந்துவரும் ஒரு வழக்கை நடுவர் நமக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். நான் தமிழ் வாத்தியார். வகுப்பிலே எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையும் நடத்துகிறேன், கம்பனையும் நடத்துகிறேன். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

அதோடு, இந்த வழக்கைப் பேச குரோம்பேட்டையை விடப் பொருத்தமான ஊர் கிடையாது ஐயா. எப்படி என்று கேட்கிறீர்களா? ஸ்டேஷனில் போய் மின்சார ரயில் ஏறுங்கள். வடக்கே பீச் பக்கம் போனால் ஐந்தாவது ஸ்டேஷன் பரங்கிமலை. இயேசுவின் சீடர் தோமையார் உயிர் விட்ட இடம் என்று மரபு சொல்லும் மலை அது. தெற்கே போனால் இரண்டாவது ஸ்டேஷன் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் 1938 டிசம்பரில் உலகத்து நாடுகளிலிருந்து கிறிஸ்தவப் பெரியவர்கள் நூற்றுக்கணக்கில் கூடி, அருள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வாதாடினார்கள். நடுவிலே குரோம்பேட்டை. வாதிக்கும் பிரதிவாதிக்கும் நடுவிலே நீதிமன்றம் மாதிரி! (கைதட்டல்)

சரி, வழக்குக்கு வருகிறேன். எதிரணி நண்பர்கள் ரொம்ப நன்றாகப் பேசினார்கள். மூன்று அம்பு விட்டார்கள்.

முதல் அம்பு, அந்தச் சகோதரி விட்டது: “ஒருத்தர் செய்த பாவத்துக்கு இன்னொருத்தர் ரத்தம் சிந்தினால் அது என்ன நியாயம்?” இரண்டாவது, வக்கீல் நண்பர் விட்டது: “எல்லாம் அருள் என்றால் தப்பு செய்கிறவனுக்குக் கொண்டாட்டம்தானே? காலையில் பாவம், சாயங்காலம் மன்னிப்பு!” மூன்றாவது, அணித் தலைவர் விட்டது: “வேதமே சொல்கிறது, செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று. அதற்கு என்ன பதில்?”

மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் தலைப்பில் இருக்கிற ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். அதை யாருமே தொடவில்லை. மீட்பு.

பழைய தமிழ் வேதாகமத்தில் பெரும்பாலும் ‘இரட்சிப்பு’ என்று வரும். 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘மீட்பு’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. தமிழிலே நாம் எதையெல்லாம் மீட்கிறோம், சொல்லுங்கள் பார்ப்போம்.

(“நகை!” என்று பெண்கள் பகுதியிலிருந்து குரல்; சிரிப்பு)

பார்த்தீர்களா! அனுபவம் பேசுகிறது. (சிரிப்பு) அடகுக் கடையில் வைத்த நகையை மீட்கிறோம். பள்ளிக்கூட ஃபீஸுக்காக உள்ளே போன வளையல், தீபாவளிக்கு முன்னாடி வெளியே வருமா வராதா என்று தவிக்கிற தவிப்பு இருக்கிறதே, அது மீட்பு. இன்னொன்று, யாழை மீட்டுகிறோம். கிடப்பில் கிடந்த நரம்பிலிருந்து நாதத்தை வெளியே கொண்டுவருவதும் அதே குடும்பத்துச் சொல்தான். மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது நம் சங்க இலக்கியத்தில் இருக்கிறது. ஆநிரை மீட்டல். பகைவர் கவர்ந்து போன மாடுகளைப் போராடித் திருப்பிக் கொண்டுவருவது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடகுக் கடை, யாழ், மாட்டு மந்தை. என் வழக்கு முழுவதும் இதற்குள்ளே இருக்கிறது.

இப்போது முதல் அம்புக்கு வருகிறேன். இயேசு தம் உயிரை மீட்பு விலையாகக் கொடுத்தார் என்பது நற்செய்தி நூல்களில் வருகிற கருத்து. அங்கே இருக்கிற கிரேக்கச் சொல், அடிமையையோ போரில் பிடிபட்ட கைதியையோ விடுவிக்கக் கொடுக்கிற பணத்தைக் குறிக்கும். விலை என்று சொன்னதும் நமக்கு உடனே என்ன தோன்றும்? விலை கொடுத்தால் வாங்கினவன் ஒருத்தன் இருக்கணுமே! யார் வாங்கினது?

பழைய காலத்து அறிஞர்கள் சிலர், சாத்தான்தான் வாங்கினான் என்றார்கள். மனிதன் அவன் கையில் அடகு போயிருந்தான், கடவுள் விலை கொடுத்து மீட்டார் என்றார்கள். நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்து கிரகோரியார் இன்னும் சுவையாகச் சொன்னார்: மீன் பிடிக்கிறவன் இரைக்குள்ளே தூண்டில் முள்ளை மறைக்கிற மாதிரி, இயேசுவின் மனித உடலுக்குள்ளே தெய்வத்தை மறைத்து வைத்தார் கடவுள், சாத்தான் விழுங்கினான், மாட்டிக்கொண்டான் என்றார். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கடவுள் சாத்தானோடு வியாபாரம் பேசுவாரா?

அதே நூற்றாண்டில் இன்னொரு கிரகோரியார், நசியான்சு ஊர்க்காரர், இதே கேள்வியைக் கேட்டார். யாருக்குக் கொடுத்த விலை இது? சாத்தானுக்கா? திருடனுக்கு விலை கொடுப்பதா, வெட்கம்! தந்தையாகிய கடவுளுக்கா? அவர் நம்மைச் சிறை பிடித்து வைக்கவே இல்லையே! இரண்டுமே இல்லை என்று தள்ளினார். கேள்வி கேட்கத் தைரியம் இருந்தது அவருக்கு.

பிறகு காலம் மாறியது. ஐரோப்பாவில் ஜமீன்தார் மாதிரி பிரபுக்கள் ஆண்ட காலம். 1098ல் ஆன்செல்ம் என்ற பேராயர் ஒரு நூலை முடித்தார். பிரபுவின் மானத்துக்குக் குறை வந்தால் ஈடு செய்தாக வேண்டும். கடவுளின் மகிமைக்கு வந்த குறையை மனிதனால் ஈடு செய்ய முடியாது. ஆகவே கடவுளே மனிதனானார் என்றார். அடுத்த தலைமுறையில் அபெலார்டு வந்தார். ஈடும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். சிலுவையிலே தெரிகிற அன்பைப் பார்த்து மனித மனம் உருகுகிறதே, அதுதான் மீட்பு என்றார். பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களிலே கால்வின் வக்கீலுக்குப் படித்தவர். (சிரிப்பு) எதிரணி வக்கீல் நண்பர் கோபிக்கக் கூடாது. அவர் கையில் மீட்பு கோர்ட்டு வழக்காயிற்று. குற்றவாளி நான், தண்டனை அவருக்கு, விடுதலை எனக்கு.

கவனித்தீர்களா? அடிமைச் சந்தை இருந்த காலத்தில் மீட்பு ஒரு விலை. பிரபுக்கள் காலத்தில் அது மானத்துக்கு ஈடு. கோர்ட்டு வந்த காலத்தில் அது தீர்ப்பு. இயேசு யார் என்பதற்குத் திருச்சபை பெரிய சங்கங்களைக் கூட்டி வரையறை எழுதியது. ஆனால் சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு இந்த ஒரு விளக்கம்தான் சரி என்று அந்தப் பழைய பொதுச் சங்கங்களில் ஒன்றுகூட வரையறுக்கவில்லை. ஒவ்வொரு மண்ணும் தன் கையில் இருந்த விளக்கை எடுத்துப் பார்த்தது.

அப்படியென்றால் தமிழ் மண் எந்த விளக்கை எடுக்கும்? அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கரந்தை! பகைவர் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனால் அது வெட்சி. பறிகொடுத்த ஊரிலிருந்து ஒரு வீரன் பின்தொடர்ந்து போய் அவற்றை மீட்டால் அது கரந்தை. மாடு என்றாலே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம் மொழி. மாடு போனால் பால் போச்சு, உழவு போச்சு, குழந்தைக்குக் கஞ்சி போச்சு. மந்தையைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்த வீரன் அங்கேயே விழுந்துவிட்டால், ஊர் என்ன செய்தது? கல் நட்டது. பேரும் பீடும் எழுதியது. மாலை சூட்டியது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள், நடுகல் நடுகல்லாக நிற்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த பழந்தமிழ் எழுத்து நடுகற்களில் ஒன்று, ஆநிரைப் பூசலில் மடிந்தவனுக்காக எழுப்பியது. 2000 வருஷத்துக்கும் முந்தையது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, அந்த ஊர்க்காரனிடம் போய்க் கேளுங்கள். “உங்கள் மாடு திரும்பி வந்ததற்கு விலை உண்டா?” கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லுவான், “உண்டு ஐயா. எங்க வீட்டுப் பிள்ளை உயிர்.” “அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்?” திகைத்துப் போவான். யாரும் வாங்கவில்லையே! பகைவனுக்கு அந்த உயிரால் ஒரு லாபமும் இல்லை. ஊர்த் தலைவன் அந்த உயிரைக் கேட்கவும் இல்லை.

விலை உண்டு. வாங்கியவன் இல்லை! (நீண்ட கைதட்டல்)

நசியான்சு கிரகோரியார் கேட்ட கேள்விக்கு நம் ஊர் நடுகல் பதில் சொல்கிறது ஐயா. சிலுவையை அடகுக் கடையாகப் பார்த்தால் சேட்டு யார் என்று தேட வேண்டியிருக்கும். கரந்தைக் களமாகப் பார்த்தால் தேட வேண்டாம். மீட்கப் போனவருக்கு உயிர் செலவாயிற்று. அவ்வளவுதான்.

சகோதரி இப்போதும் விடமாட்டார்கள். “வீரன் தானாகப் போனான் ஐயா. இங்கே கடவுள் தன் மகனை அல்லவா அனுப்பினார்? ஒருவன் குற்றத்துக்கு இன்னொருவன் தண்டனையா?” இந்தக் கேள்வியை நம் நாட்டில் பெரிய அளவில் எழுப்பியவர் ராஜாராம் மோகன்ராய். 1820ல் இயேசுவின் அறிவுரைகளை மட்டும் தொகுத்து ஒரு நூல் போட்டார். இந்த அறிவுரைப்படி நடந்தால் போதும், அதுவே வழி என்றார். செராம்பூர் மிஷனரி ஜாஷுவா மார்ஷ்மன் மறுத்தார். அறிவுரை மட்டும் போதாது, பாவத்துக்குப் பரிகாரமான சிலுவை வேண்டும் என்றார். வருஷக்கணக்கில் புத்தகத்துக்குப் புத்தகம் பதில். நம் பட்டிமன்றமாவது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்!

மூன்றாவது ஆளைப் பிடித்து வந்து அடித்தால் அநியாயம்தான். சகோதரி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கிறிஸ்தவக் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. இயேசுவே கடவுள் என்பதுதான் அதன் அடிப்படை. அங்கே மூன்றாவது ஆளே கிடையாது. நஷ்டப்பட்டவரே நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டார் என்பதுதான் அதன் வாதம்.

எளிதாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஒரு லட்சம் வாங்கினார். திருப்ப முடியவில்லை. “போகட்டும் விடுங்க” என்று நான் சொல்லிவிட்டேன். அந்தக் கடன் எங்கே போயிற்று? மாயமாய் மறைந்துவிட்டதா? இல்லை ஐயா. அவர் தலையிலிருந்து இறங்கி என் தலையில் உட்கார்ந்துகொண்டது. என் மகள் கல்யாணச் செலவில் ஒரு லட்சம் குறையும். மன்னிப்பது என்றால், அடுத்தவன் சுமையை நாம் தூக்குவது. இலவச மன்னிப்பு என்று ஒன்று உலகத்திலே கிடையாது. வாங்குகிறவனுக்கு இலவசம். கொடுக்கிறவனுக்கு அதுதான் ஆகப் பெரிய செலவு. (கைதட்டல்)

நம் வீடுகளிலேயே பாருங்களேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன். அப்பா இல்லாத குடும்பம். அவனுடைய அக்கா பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு, இதோ சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி, ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்த ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். தம்பி இன்ஜினீயர் ஆனான். கை நிறையச் சம்பளம். ஒரு நாள் அக்காவிடம் ஒரு தொகையைக் கொடுத்து, “அக்கா, நீ எனக்குச் செலவு பண்ணினதை வட்டியோடு கணக்குப் போட்டுட்டேன். இத்தோட நம்ம கணக்கு நேராயிடுச்சு” என்றான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அந்தப் பெண் பணத்தைத் தொடவில்லை. “கணக்கு நேராயிடுச்சுன்னா இனிமே நான் உனக்கு யாருடா?” என்று கேட்டாளாம்.

அம்மா, இந்த ஒரு கேள்வியில் பெரிய பெரிய இறையியல் புத்தகம் எல்லாம் அடங்கிப்போகும். அவளுடைய இருபது வயசும் இருபத்தைந்து வயசும் அந்தத் தையல் மெஷினில் போயிற்று. அது விலை. யார் வாங்கினார்கள்? யாரும் வாங்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாது. கொடுக்க முயன்றாலே அவளுக்கு அவமானம். அவன் செய்யக்கூடியது ஒன்றுதான். அந்த அக்கா பெருமைப்படும்படி வாழ்வது.

எதிரணி நண்பர்களே, நீங்கள் சொல்கிற நற்செயல் இங்கேதான் வருகிறது. மீட்புக்குக் கொடுக்கிற விலையாக வரவில்லை. மீட்கப்பட்டவன் வாழ்கிற வாழ்க்கையாக வருகிறது.

இப்போது மூன்றாவது அம்பு. பவுல் எழுதிய கடிதங்களில், மனிதன் நீதிமான் ஆவது நம்பிக்கையால், சட்டம் சொன்ன கிரியைகளால் அல்ல என்ற கருத்து வருகிறது. யாக்கோபு எழுதிய கடிதத்தில், செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்ற கருத்து வருகிறது. ஒரே வேதப் புத்தகம். இரண்டு கடிதம். ஆபிரகாம் என்ற ஒரே ஆளை இரண்டு பேருமே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள்! எதிரணித் தலைவர் யாக்கோபை எடுத்துக்கொண்டார். நான் பவுலை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பங்கு போட்டுக்கொள்வது வாதத்துக்கு உதவும், விளக்கத்துக்கு உதவாது.

மார்ட்டின் லூத்தரே தடுமாறிய இடம் இது. 1522ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, பவுல் சொன்ன ‘நம்பிக்கையால்’ என்ற சொல்லோடு ‘மட்டுமே’ என்று ஒன்றைச் சேர்த்தார். யாக்கோபின் கடிதத்தை வைக்கோல் கடிதம் என்று முன்னுரையில் எழுதினார். பிறகு அந்த வாசகத்தை எடுத்துவிட்டார். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? ட்ரெண்ட் நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் 1547 ஜனவரியில் பதில் தீர்மானம் போட்டது. அருள்தான் முதலில் வருகிறது, ஆனால் மனிதனும் அதற்கு இசைந்து ஒத்துழைக்க வேண்டும் என்றது.

அதே 1547ல்தான் நம் பரங்கிமலையில் போர்த்துகீசியர்கள் தோண்டும்போது பழைய பஹ்லவி எழுத்துப் பொறித்த கல் சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அங்கே சிலுவையின் பொருளுக்குச் சண்டை நடக்கிறது. இங்கே சிலுவையே மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருகிறது! (கைதட்டல்) அந்தச் சண்டை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் லூத்தரன் சபையார். அவர்களை மறுத்து ‘வேத விளக்கம்’ எழுதியவர் நம் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய அதே கைதான்.

அந்த வழக்கு என்னவாயிற்று தெரியுமா? 1999 அக்டோபர் 31. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரம். லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரே மேசையில் உட்கார்ந்து கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டன. 1517ல் லூத்தர் கிளப்பிய வழக்கு; 482 வருஷம் கழித்து ராஜி! நம் ஊர் சிவில் கேஸே பரவாயில்லை. (சிரிப்பு) அந்த அறிக்கையின் சாரம் என்ன? கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது அருளால் மட்டுமே, நம் தகுதியைப் பார்த்து அல்ல. அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவன் வாழ்க்கையில் நற்செயல் கனியாகப் பழுக்கிறது. கனியைக் கொண்டுபோய் வேரிலே கட்டித் தொங்கவிட்டால் மரம் வளருமா ஐயா? எதிரணியார் அதைத்தான் செய்கிறார்கள்.

வக்கீல் நண்பரின் அம்பு பாக்கி இருக்கிறது. அருள் இலவசம் என்றால் தப்புக்குக் கொண்டாட்டம் என்றார். இந்தப் பயம் அருளை நம்புகிறவர்களுக்கே உண்டு. போன்ஹோபர் என்று ஒரு ஜெர்மன் போதகர். லூத்தரன் சபைக்காரர். 1937ல் ஒரு புத்தகம் எழுதினார். மலிவான அருள்தான் நம் சபைக்கு எதிரி என்றார். திருந்தாமல் மன்னிப்பு, பின்பற்றாமல் ஆசீர்வாதம், இதெல்லாம் மலிவுச் சரக்கு என்றார். ஹிட்லரை எதிர்த்தார். 1945 ஏப்ரலில் தூக்கில் போட்டார்கள். அருள்தான் எல்லாம் என்று நம்பிய மனிதர் சோம்பேறியாகவா போனார்? தூக்குமேடைக்குப் போனார்!

ஏன் தெரியுமா? அன்பளிப்புக்கும் மொய்க்கும் வித்தியாசம் தெரிந்தவர் அவர். நம் ஊர்க் கல்யாணத்திலே வாசலில் ஒருத்தர் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார். இன்னார், இந்த ஊர், ரூபாய் 501. அது பரிசா? (சிரிப்பு) பரிசு இல்லை ஐயா, வட்டியில்லாக் கடன்! அவர் வீட்டுக் காதுகுத்துக்கு நாம் 501க்குக் குறைத்து எழுதினால் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச்சு. எதிரணியார் கடவுளுக்கு வைக்கிற நற்செயல் மொய். நான் இவ்வளவு செய்தேன், நீ இவ்வளவு கொடு. நான் சொல்கிற நற்செயல் நன்றி. மொய் வைக்கிறவன் கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடுவான். நன்றி சொல்கிறவனுக்குக் கணக்கே கிடையாது. ஆகவே அதிகம் செய்கிறவன் யார்? அருளை அறிந்தவன்தான்! (கைதட்டல்)

இந்த வழக்கு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நம் வைணவப் பெரியவர்கள் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று பேசினார்களே, அதேதான். குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும்; தன் பக்கம் ஒரு முயற்சி வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே வாயால் கவ்விக்கொண்டு போகும். குட்டி சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. நான் ஒன்று கேட்கிறேன். குரங்குக்குட்டி பிடிக்கிறது, சரி. தாண்டுகிறது யார்? கிளை விட்டுக் கிளை தாண்டுகிறது தாய்தானே! குட்டியின் பிடியையும் தாயின் பாய்ச்சலையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

அந்த வைணவ மண்ணிலிருந்துதான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை வந்தார். 1827ல் நெல்லைச் சீமையில் கரையிருப்பில் பிறந்தவர். கம்பனில் ஊறியவர். 1858ல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கிலத்தில் ஜான் பனியன் 1678ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைப் பாடினார். 1894ல் நூலாக வந்தது.

அந்தக் கதையில் பயணி ஒருவன் முதுகிலே சுமையோடு கிளம்புகிறான். பாவச் சுமை. எவ்வளவு முயன்றாலும் இறக்க முடியவில்லை. சிலுவையின் முன்னால் வந்து நிற்கிறான். சுமை தானாகக் கழன்று விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை, வெட்டவில்லை. விழுகிறது! இது எங்கள் அணியின் சாட்சி. ஆனால் நேர்மையாக அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். சுமை விழுந்ததோடு கதை முடியவில்லை. அதற்குப் பிறகுதான் பயணத்தின் பெரும்பகுதி. மலை, பள்ளத்தாக்கு, சோதனை, சிறை எல்லாம் இனிமேல்தான். சுமையோடு கிளம்பியவன் சுமை இல்லாமல் நடக்கிறான். நடைதான் செயல். சுமை இறங்கியது அருள். எது முதலில் என்பதில்தான் நம் வழக்கு இருக்கிறது.

பனியன் தன் கதையில் சிலுவைக் காட்சியைச் சுருக்கமாகத்தான் சொல்கிறார். கிருஷ்ணபிள்ளை அங்கே நிற்கிறார். நகர மறுக்கிறார். இயேசு பட்ட பாடுகளை முழுக்கப் பாடிவிட்டுத்தான் கதையைத் தொடர்கிறார். ஏன்? சுமை சும்மா விழவில்லை, விழுவதற்கு விலை இருந்தது என்று தமிழ்க் காதுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். கரந்தை வீரனுக்குக் கல் நட்ட பரம்பரை இல்லையா? அவர் சொல்லாலே நட்டார்.

கடைசியாகத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிறேன். 1938ல் அங்கே நடந்த மாநாட்டுக்கென்றே ஹாலந்து நாட்டு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் பெரிய நூல் ஒன்று எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வந்த வெளிப்பாடு தனியானது, மற்றச் சமயங்களின் தேடலின் தொடர்ச்சியாக அதைக் கொள்ள முடியாது என்பது அவர் வாதம். சென்னையிலே இருந்த பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் அதே ஆண்டு தங்கள் மறுசிந்தனையைப் புத்தகமாகவே கொண்டுவந்தார்கள். இருவரும் வக்கீல்கள். கோர்ட்டு தெரிந்த செஞ்சையா, மீட்பை வெறும் கோர்ட்டுத் தீர்ப்பாகப் பார்க்க ஒப்பவில்லை. கிறிஸ்துவில் புதிய படைப்பு ஒன்று தொடங்கிவிட்டது, மனிதனே புதிதாகப் பிறக்க வேண்டும் என்றார். சக்கரை, சிலுவையை இந்தியச் சிந்தனையோடு உட்கார்த்தி வைத்துப் பேசினார். பிற்பாடு சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர் அவர்.

செஞ்சையா சொன்ன புதிய படைப்பு எது? நான் தொடக்கத்தில் சொன்ன யாழ்தான். அடகிலிருந்து நகையை மீட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் போதாது. யாழை மீட்டினால் இசை வர வேண்டும். அந்த இசைதான் எதிரணியார் கேட்கிற நற்செயல். ஆனால் ஐயா, எந்த யாழாவது தன்னைத்தானே மீட்டிக்கொண்டது உண்டா? ஒரு விரல் வந்து தொட வேண்டும். அந்த விரலுக்குப் பேர்தான் அருள்! (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது. இதை எதற்கு இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லி அமர்கிறேன்.

இந்தக் கூட்டத்திலேயே, “நான் என்ன பாவம் பண்ணினேனோ, என் பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சு” என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிற தாய் ஒருத்தி இருப்பாள். படுக்கையிலே பக்கவாதத்தில் கிடக்கிற பெரியவர் ஒருத்தர் வீட்டிலிருந்து டிவியில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை அசையாது. காசு கிடையாது. இனிமேல் ஒரு நற்செயலும் செய்ய முடியாது. மீட்பு செயலால்தான் என்று நீங்கள் தீர்ப்பு எழுதினால், அந்தப் பெரியவரைப் பார்த்து, “உங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது” என்று சொன்னதாக ஆகும். அந்தத் தாயைப் பார்த்து, “ஆமாம், உன் கணக்கில்தான் பாக்கி” என்று சொன்னதாக ஆகும். எதிரணித் தலைவர் நல்ல மனிதர். அவர் வாயாலேயே அதை அந்த அம்மாவிடம் சொல்லமாட்டார். சொல்ல முடியாத ஒன்றை எப்படி ஐயா கோட்பாடாக வைப்பது?

ஓடக் கால் உள்ளவனுக்கு மட்டும் கிடைப்பது பந்தயப் பரிசு. கால் இல்லாதவனையும் தேடி வருவதுதான் மீட்பு. அது அருளாலே வருகிறது என்று தீர்ப்பு வழங்குங்கள்.

(நீண்ட கைதட்டல்)